நத்தமேட்டுக்குப் போன பாதைகள்

தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் புஷ்பவள்ளி முதலில் கேட்டது மாப்பிள்ளையின் பெயரை அல்ல, ஊரை.

"சாத்தம்பொட்டல்" என்றார் அப்பா பூமிநாதன். "பையன் பேரு செம்மலை. ஒன்றியத்துல கிராம சேவக் வேலை. ஒத்தைப் பிள்ளை, அம்மா மட்டுந்தான். நல்ல இடம்த்தா."

அவள் பரண் மேலிருந்த தகரக் குழாயை இறக்கினாள். மதுரையில் பூகோளம் படித்த காலத்தில், செய்முறை வகுப்புக்காக டிரேசிங் பேப்பரில் நகலெடுத்த சர்வே வரைபடம் அதற்குள் இருந்தது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய படம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் எல்லாம் அதில் அடங்கும். முனைகளில் நான்கு புளிமுட்டாய் டப்பாக்களை வைத்து அதைத் தரையில் விரித்தாள்.

இது 1968ஆம் வருஷம். பூமிநாதனுக்குப் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரி வேலை, கொஞ்சம் நிலமும் உண்டு. ஒரே மகளை மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைத்தபோது உறவுக்காரர்கள், "பூகோளம் படிச்சு பூமியைச் சுத்தியா வரப்போகுது?" என்று கேலி செய்தார்கள். அவள் பூமியைச் சுற்றவில்லை. தேவகோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோள டீச்சராகச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். ஆனால் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, பார்க்காத ஊர்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேச அவளால் முடியும்.

அந்தப் பக்கத்து நிலம் தட்டையானது. சம உயரக்கோடுகள் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஓடும். ஆனால் தென்கிழக்கே கடலைப் பார்த்து நிலம் மெல்லச் சரிவதைக் கண்மாய்களே சொல்லிவிடும். நீல நீலமாய்ப் பிறை வடிவில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும் அவற்றின் கரையெல்லாம் சரிவுப் பக்கம்தான் வளைந்திருக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். கரைக்குப் பின்னால் மஞ்சளாக வயல், வயலோரத்தில் கறுப்புப் புள்ளிகளாக விவசாயிகளின் வீடுகள். செட்டியார் ஊர்களை அதே படத்தில் தனியாகப் பிரித்துவிடலாம். வயல் இல்லாத செம்மண் சரளையில், ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்த் தெருக்கள். வருமானம் அக்கரைச் சீமையிலிருந்து வந்ததால் அவர்களுக்கு வயலோரம் தேவைப்படவில்லை. ஆனால் குடிதண்ணீர் தேவைப்பட்டது. அதனால் தெருக்களுக்கு நடுவே சதுரச் சதுரமாக ஊருணிகள்.

சாத்தம்பொட்டல் இந்த இரண்டிலும் சேரவில்லை. மேட்டு நிலத்தில் தனியாகக் கிடந்தது. அதன் கண்மாய் ஒரு மைல் கீழே, அதுவும் கோடையில் வற்றிவிடும் என்று காட்டும் குறியோடு. கிணற்றுக் குறி ஒன்றுகூட இல்லை. ஊருணியும் இல்லை. ஊரிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை கிழக்கே மேலக்கொன்னை என்ற ஊர் வரைக்கும் போய், அங்கிருந்த நீலச் சதுரத்தின் விளிம்பில் முடிந்தது. அந்தப் பாதையில் நடப்பது யார் என்று புஷ்பவள்ளிக்கு உடனே புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒச்சம்மாள் ஒல்லியான, நிமிர்ந்த மனுஷி. காபியைக் குடித்துவிட்டு, "சமையலெல்லாம் வருமாத்தா?" என்று கேட்டாள்.

"வரும் அத்தை" என்றாள் புஷ்பவள்ளி. பிறகு, பூமிநாதன் கண்ணால் தடுத்தும் கேளாமல், "ஒங்க ஊர்ல குடிக்கத் தண்ணிக்கு மேலக்கொன்னைக்குத்தான் நடக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டாள்.

ஒச்சம்மாளின் முகம் இறுகியது.

"யாரு சொன்னா ஒனக்கு? எங்க ஊருக்கு வந்துட்டுப் போனவுக யாரும் இருக்காகளா?"

"யாரும் சொல்லல அத்தை. மேப்புல பாத்தேன்."

"மேப்புல தண்ணிக்கொடமுமா போட்டிருக்கு?"

செம்மலை சிரித்துவிட்டான். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "நெசந்தாங்க. எங்கூர்ல தண்ணி இல்ல. அம்மா கல்யாணமாகி வந்ததுலேருந்து நடக்குது. ஒங்களை நான் நடக்க விடமாட்டேன். சைக்கிள்ல நானே கொண்டாந்துர்றேன்."

"ஆம்பள கொடம் தூக்குனா ஊரு சிரிக்கும்டா" என்றாள் ஒச்சம்மாள்.

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

புஷ்பவள்ளி அன்று சம்மதம் சொன்னதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

அவன் சொன்னபடி செய்தான். காலையில் ஒன்றியத்து ஆபீசுக்குப் போகும் முன், கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு மேலக்கொன்னைக்கு மிதிப்பான். ஊர் சிரித்தது, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டது. ஆனாலும் மூன்று பேருக்கும், இரண்டு பசுவுக்கும், பிறகு பிறந்த மகனுக்கும் அந்தத் தண்ணீர் போதாது. விடுமுறை நாட்களில் புஷ்பவள்ளியும் இடுப்பில் குடத்தோடு நடந்தாள்.

அப்படி நடந்தபோதுதான் வரைபடம் சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரியவந்தது. மேலக்கொன்னை ஊருணியில் உள்ளூர்ப் பெண்கள் எடுத்த பிறகுதான் சாத்தம்பொட்டல் பெண்கள் இறங்கலாம். சாத்தம்பொட்டல் காலனியிலிருந்து வரும் ராக்காயி போன்றவர்கள் இறங்கவே கூடாது. கரையில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மொண்டு ஊற்றும்வரை நிற்க வேண்டும். ராக்காயிக்கும் புஷ்பவள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. களையெடுக்கப் போகும் அவசரத்திலும் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள்.

"எம்புட்டு நேரமா நிக்கிற?" என்று ஒருநாள் புஷ்பவள்ளி கேட்டாள்.

"நிக்கிறதெல்லாம் கணக்கா டீச்சரம்மா? நீங்க வந்தீகன்னா ஊத்துவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நீலச் சதுரம் ஒன்றுதான். அதைச் சுற்றி இத்தனை கோடுகள் இருந்தன, எதையும் சர்வேக்காரன் போடவில்லை.

1974இல் மழை பொய்த்தது. ஐப்பசி வெறுமனே போயிற்று. கண்மாய் வெடித்துக் கிடந்தது. மேலக்கொன்னை ஊருணி அடிமட்டத்துக்கு வந்ததும், அந்த ஊர்க்காரர்கள் வெளியூருக்குத் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது தெரியாமல் போன ஒச்சம்மாளை இளவட்டப் பெண்கள் இருவர் படியிலேயே மறித்தார்கள். வாக்குவாதத்தில் குடம் கைநழுவி உருண்டு, உள்ளே விழுந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் அழுது புஷ்பவள்ளி அதற்குமுன் பார்த்ததில்லை.

"கொடம் போனாப் போகுது. 'ஒங்க ஊருக்குப் பொண்ணு குடுத்தவன் குருடனா'ன்னு கேட்டாளுகடி" என்றாள்.

காரைக்குடியிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. வராத நாட்களே அதிகம். புஷ்பவள்ளி மறுபடி தகரக் குழாயைத் திறந்தாள்.

சாத்தம்பொட்டலுக்கு வடமேற்கே, கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, நத்தமேடு என்று ஓரிடம். வரைபடத்தில் பாழடைந்த ஊர் என்ற குறி போட்டிருக்கும். எப்போதோ பேதி கண்டு, மிச்சமிருந்தவர்கள் ஓடிப்போன ஊர் என்று சொல்வார்கள். விறகுக்குக்கூட யாரும் போவதில்லை. புஷ்பவள்ளி அந்தக் குறியைப் பலமுறை பார்த்திருக்கிறாள், ஆனால் ஒன்றைக் கவனித்ததில்லை. சாத்தம்பொட்டல் உட்படச் சுற்றுப்பட்ட ஐந்து ஊர்களிலிருந்து ஒற்றையடிப் பாதைகள் அந்தப் பாழூருக்குப் போயின. சந்தை இல்லை, கோயில் குறி இல்லை, மனுஷரே இல்லை. அப்படியிருக்க, ஐந்து ஊர்க் கால்களும் எதற்காக அங்கே போயிருக்கும்?

செம்மலையை உட்காரவைத்துக் காட்டினாள். "சாமி கும்பிடப் போற பாதைன்னா ஒரு கோயிலைப் போட்டிருப்பான். விக்கப் போற பாதைன்னா வண்டித்தடம் இருக்கும். இது நடக்கிற பாதை. ஊரு அழிஞ்ச பிறகும் ஜனங்க அங்க போயிக்கிட்டு இருந்திருக்காக. தண்ணிக்குத்தான் போயிருப்பாக."

"இந்த மேப்பு எந்தக் காலத்துது?"

"ஒங்க அம்மா பொறக்கிறதுக்கு முந்தி அளந்தது."

"அப்ப, அம்மா காலத்துக்குள்ள தூந்து போயிருக்கும்ங்கிற?"

"போறதுக்கு ஆளு கொறைஞ்சா தூர் வாரவும் ஆளு இருக்காதுல்ல?"

பஞ்சாயத்துத் தலைவர் மருதுவிடம் போனார்கள். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் நத்தமேடு என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், நல்லாப் படிச்சவுக நீங்க. தண்ணி இருந்தா அந்த ஊர்க்காரன் ஏன் காலி பண்ணிட்டுப் போறான்?"

"அவுகள வெரட்டுனது நோய். தாகம் இல்ல. தண்ணி இல்லாத எடத்துல மொதல்ல ஊரே உண்டாயிருக்காதுங்க."

"சரி, ஒன்றியத்துல கேட்டுப் பாருங்க" என்றார் மருது. வறட்சி நிவாரண வேலை அப்போது ஒன்றியத்தில் நடந்துகொண்டிருந்தது. செம்மலை அதிகாரிகளிடம் பேசி, நத்தமேட்டில் ஊருணி தோண்டும் வேலையைச் சேர்க்க வைத்தான். பாதைகள் கூடிய இடத்தைப் புஷ்பவள்ளி வரைபடத்திலிருந்து கணக்கிட்டுக் குச்சி நட்டுக் கொடுத்தாள்.

கருவேலை வெட்டி, மண்ணைத் தோண்டினார்கள். ஓட்டுச் சில்லு வந்தது, உடைந்த அம்மி வந்தது, அடுப்புக்கரி வந்தது. ஆள் உயரத்துக்குக் கீழேயும் சரளைதான். ஈரத்தின் வாசனைகூட இல்லை. ஜனங்களுக்குப் பயமும் தொற்றிக்கொண்டது. ஒருத்திக்குக் காய்ச்சல் வர, நத்தமேட்டு மண்ணைத் தொட்டதால்தான் என்றார்கள். வேலை நின்றது. ஆட்களை ரோடு போடும் பக்கம் மாற்றினார்கள். நிவாரண வேலையை வீணடித்ததற்கு விளக்கம் கேட்டு செம்மலைக்கு ஆபீசிலிருந்து மெமோ வந்தது.

அவன் அதைப் பற்றி அவளிடம் ஒரு சொல்கூடக் கடிந்து சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில், "தண்ணி கண்டீகளா டீச்சர்?" என்று யாராவது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் நகலை எத்தனையோ முறை பார்த்தும் கணக்கில் தவறு கிடைக்கவில்லை. கடைசியில்தான் தோன்றியது, இது தன் கையால் எடுத்த நகல் அல்லவா? கல்லூரியில் கண்மாய்களுக்கும் ரோடுகளுக்கும் எடுத்துக்கொண்ட அக்கறையை, ஒற்றையடிப் பாதைகளுக்குத் தான் எடுத்திருப்போமா?

மூலப்படத்தைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பினாள். செம்மலைக்கு லீவு கிடைக்காததால் ஒச்சம்மாள் துணைக்கு வந்தாள். கடலுக்குப் பக்கத்து மாவட்டங்களின் படங்களை இப்போது பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவாம். கல்லூரியில் அவளுடைய பழைய பேராசிரியை கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த அறையிலேயே வைத்துப் பார்க்க அனுமதித்தார். பெரிய மேஜைமேல் படம் விரிந்தது. ஒச்சம்மாள் கிட்டத்தில் வந்து நின்றாள்.

"இதுல நம்ம வீடு எங்குட்டு இருக்கு?"

"வீடு தெரியாது அத்தை. இந்தக் கறுப்புப் புள்ளிக்கூட்டந்தான் நம்ம ஊரு. இது மேலக்கொன்னை. இது ஊருணி."

ஒச்சம்மாள் புள்ளிக்கூட்டத்தில் விரலை வைத்தாள். பாதையின் மேலே மெல்ல நகர்த்தினாள். விரலை எடுக்கும் முன்பே ஊருணி வந்துவிட்டது. திரும்பவும் ஒருமுறை நகர்த்திப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "என் ஆயுசு பூரா நடந்தது இம்புட்டுத்தானா?"

புஷ்பவள்ளி மாமியாரின் கையைப் பிடித்து மேஜையிலிருந்து எடுத்து, தன் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பேராசிரியை ஏதோ எடுக்கப் போவது போல வெளியே போனார்.

பிறகுதான் நத்தமேட்டைப் பார்த்தாள். நகலில் ஐந்து பாதையும் நேராக ஒரு புள்ளிக்கு வந்திருந்தன. மூலத்தில் அப்படி இல்லை. வடக்கிலும் மேற்கிலும் இருந்து வந்த மூன்று பாதைகள், ஊருக்குள் நுழையும் முன் எதையோ சுற்றிக்கொண்டு வருவது போல லேசாக வளைந்திருந்தன. மயிரிழை வளைவு. அன்றைக்கு அவசரத்தில் அவள் அதை நேர்க்கோடாக இழுத்துவிட்டிருந்தாள். பாதை வளைந்தால், நடப்பவன் மிதிக்க முடியாத ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். வளைவுக்கு உள்பக்கம் காலியிடம். தோண்டிய இடமோ, வீடுகள் இருந்த இடம். அம்மியும் அடுப்புக்கரியும் வந்ததில் வியப்பில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒச்சம்மாள், "சரியாத் தெரியுதா இப்ப?" என்று கேட்டாள்.

"தெரியுது. ஆனா போன தடவையும் தெரியுதுன்னுதான் சொன்னேன் அத்தை."

"போன தடவை நான் கூட வரலையில்ல" என்றாள் ஒச்சம்மாள்.

இந்த முறை நிவாரண வேலை கிடையாது. மருது தலையைச் சொறிந்துகொண்டு, "ஆளுக வரமாட்டாக டீச்சர்" என்றார். புஷ்பவள்ளி காலனிக்குப் போனாள். ராக்காயி வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். தண்ணீர் கட்டாயம் வரும் என்று அவள் சொல்லவில்லை. வளைவைப் பற்றித் தரையில் குச்சியால் கீறிக் காட்டினாள்.

ராக்காயி கேட்டது வேறு. "தண்ணி வந்தா, நாங்க எறங்கி மோந்துக்கலாமா டீச்சரம்மா? இல்ல, அங்கயும் நிக்கணுமா?"

"எறங்கலாம். தோண்டுனவுக எறங்காம வேற யாரு எறங்குறது?"

"நீங்க சொல்றீக. ஊரு சொல்லுமா?"

"ஊரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று போனாள். மருது நேராக ஆம் என்று சொல்லவில்லை. "மொதல்ல தண்ணி வரட்டும்" என்றார். அதை அப்படியே வந்து சொன்னாள். "வரட்டும். வந்தப்புறம் பேசிக்கிருவோம்" என்று ராக்காயி மண்வெட்டியை எடுத்தாள்.

காலனி ஆட்களும் செம்மலையும் தோண்டினார்கள். பேதி கண்ட இடம் என்று பயந்த ஒச்சம்மாள்கூடக் கூடை சுமக்க வந்துவிட்டாள். மண் இந்த முறை சரளையாக இல்லை. கறுத்த, மாவு போன்ற வண்டல். இடுப்பளவு போனதும் மண்வெட்டி கல்லில் மோதியது. செம்புராங்கல், ஒழுங்காக வெட்டி அடுக்கியது. அதற்குக் கீழே இன்னொன்று, ஒரு சாண் தள்ளி. படிக்கட்டு!

ராக்காயிதான் முதலில் கத்தினாள். புஷ்பவள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ரோட்டிலேயே நின்று அவளுக்குச் சேதி சொன்னார்கள். அவள் கைப்பையோடு, செருப்போடு, நத்தமேட்டுக்கு ஓடினாள். கீழ்ப்படிக்கு அருகில் மண்ணை அள்ளிப் பிசைந்தால் விரலில் ஈரம் ஒட்டியது. அவள் அந்த மண்ணைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மருது ஊர் ஆட்களோடு மண்வெட்டி தூக்கி வந்தார். ஊறிய தண்ணீர் அந்தக் கோடைக்கு ஆளுக்கு ஒரு குடம் என்ற அளவுக்குத்தான் வந்தது. அதையும் சுகாதார ஆய்வாளர் வந்து மருந்து போட்ட பிறகே குடித்தார்கள். அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. செம்மண் மேட்டில் விழுந்த தண்ணீரெல்லாம் சரிந்து வந்து ஊருணி பாதிக்கு மேல் நிறைந்தது.

தண்ணீர் வந்ததும் பேச்சும் வந்தது. காலனிக்குத் தெற்குப் பக்கம் தனிப் படி கட்டிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யப் பார்த்தார்கள். புஷ்பவள்ளி எழுந்து, இருக்கிற படியைக் கண்டெடுத்தவர்களே அவர்கள்தான் என்றாள். பொம்பளைக்குக் கூட்டத்தில் என்ன பேச்சு என்று ஒரு குரல் கேட்டது. அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் எழுந்தாள்.

"மேலக்கொன்னையில நம்மள மறிச்சப்ப எப்பிடி இருந்துச்சு? நான் அன்னைக்கு அழுதேன். அதை இன்னொருத்திக்கு நான் செய்யமாட்டேன். என் வீட்டுக்கு ராக்காயி எடுத்த படியிலதான் தண்ணி வரும். வேண்டாங்கிறவுக தனிப் படி கட்டிக்கிறட்டும்."

ஊர் ஒரேயடியாக மாறிவிடவில்லை. சில குடும்பங்கள் தெற்கில் கல்லை அடுக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகவே இறங்கின. சில பேர் ஒச்சம்மாளோடு பல வருஷம் பேசவில்லை. செம்மலையின் மெமோ ரத்தானது, ஆனால் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அது வந்தபோது குடும்பம் காரைக்குடிக்கு மாறி, செக்காலையில் வீடு பிடித்தது. ஒச்சம்மாள் வரமறுத்து ஊரிலேயே இருந்துகொண்டாள்.

1979இல் ராக்காயி செக்காலை வீட்டைத் தேடி வந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு நின்றாள்.

"நத்தமேட்டுல வீடு கட்டியிருக்கேன் டீச்சரம்மா. எங்க ஆளுக ஏழு வீடு. தண்ணிக்குப் பக்கத்துல இருந்துக்கிருவோம்னு போயிட்டோம். நீங்க ரெண்டு பேரும் பால் காய்ச்ச வரணும்."

"பயமில்லையா அங்க?" என்று செம்மலை கேட்டான்.

"எதுக்குப் பயம்? புள்ளைக ஓடி வெளையாடுது."

போனார்கள். ஓலைக்கூரைகள் புதுசாக வெளுத்துக் கிடந்தன. ஒரு வீட்டுச் சுவரில் ஈரச் சாணி இன்னும் காயவில்லை. ஒச்சம்மாள் அங்கே முன்னமே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். புஷ்பவள்ளி ஊரைச் சுற்றி நடந்தாள். ஊருணியிலிருந்து வீடுகளுக்கும், வீடுகளிலிருந்து ரோட்டுக்கும் புதிதாகத் தடம் விழுந்திருந்தது. புல் மடிந்து, மண் லேசாகப் பளபளத்தது.

"டீச்சரம்மா, பால் பொங்கிருச்சு, வாங்க" என்று உள்ளேயிருந்து ராக்காயி கூப்பிட்டாள்.